ஓப்ரா காலி செய்த ஒன்பது மணி: ஒரு சிகாகோ நிலையத்தின் பகல் நேரக் கதை

2011 மே 25, புதன்கிழமை காலை 9 மணி. சிகாகோவின் சேனல் 7-இல், நாடறிந்த டாக் ஷோ தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயின் நிகழ்ச்சியில் கடைசி எபிசோடு. விருந்தினர் யாரும் வரவில்லை, நாற்காலிக்கு அடியில் பரிசுப் பொட்டலமும் இல்லை. மேடையில் தனியாக நின்று பேசி, விடைபெற்றுக்கொண்டு போனார். அதே எபிசோடு நியூயார்க்கின் சேனல் 7-இல் அன்று மாலை 4 மணிக்கு ஓடியது. இரண்டு சேனல்களுக்கும் எண் ஒன்று, முதலாளியும் ஒருவரே: ஏபிசி.

மறுநாள் வியாழக்கிழமை இரண்டும் இரண்டு திசையில் போயின. நியூயார்க்கில் மாலை 4 மணிக்குச் செய்தி வந்தது. சிகாகோவில் காலை 9 மணிக்கு 'விண்டி சிட்டி லைவ்' என்று ஊர்க்கதை பேசும் ஒரு நேரலை தொடங்கியது. வால் வார்னர், ரயன் கியாவெரினி என்று இரண்டு தொகுப்பாளர்கள், எதிரே பார்வையாளர்கள்.

ஒரே முதலாளி, ஒரே காலியிடம், இரண்டு முடிவு. அமெரிக்கப் பகல் நேரத் தொலைக்காட்சியின் கணக்கு வழக்கு மொத்தமும் இந்த இரண்டு முடிவுகளுக்குள் இருக்கிறது.

காலி மணி நேரம் எப்படி வருகிறது

நமக்குப் பழக்கமான சேனல் வேறு. சன் டிவியில் பகலில் எது ஓடுகிறதோ அதுதான் நாகர்கோவிலிலும், அதுதான் ஓசூரிலும். அமெரிக்காவில் அப்படி இல்லை. நாட்டை 210 சந்தைகளாக, பார்வையாளர்களைக் கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனம் பிரித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு சந்தையிலும் தனித்தனி நிலையங்கள். ஏபிசி, என்பிசி, சிபிஎஸ் போன்ற நெட்வொர்க்குகள் நாள் முழுவதற்கும் சரக்கு அனுப்புவதில்லை. காலை நிகழ்ச்சி, பகலில் ஓரிரண்டு, தேசியச் செய்தி, இரவு மூன்று மணி நேரம், அப்புறம் நள்ளிரவு அரட்டை. மிச்ச நேரத்தை அந்தந்த ஊர் நிலையம்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

அந்த மிச்ச நேரத்துக்குக் கடையில் வாங்கும் சரக்குதான் சிண்டிகேஷன். ஒரு விநியோகஸ்தர் ஒரு நிகழ்ச்சியைத் தயாரித்து ஊர் ஊராக விற்பார். ஒரு ஊரில் ஏபிசி நிலையம் வாங்கும், பக்கத்து ஊரில் சிபிஎஸ் நிலையம் வாங்கும். ஓப்ராவின் நிகழ்ச்சி எந்த நெட்வொர்க்குக்கும் சொந்தமானது இல்லை என்பது பலருக்கும் தெரியாது. 'வீல் ஆஃப் ஃபார்ச்சூன்', 'ஜெப்பர்டி' ஆகிய போட்டி நிகழ்ச்சிகளை ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த கிங் வேர்ல்ட் நிறுவனம்தான் அதையும் ஊர் ஊராக விற்றது.

விலை பாதி பணமாக, பாதி பண்டமாற்றாக. ஒரு மணி நேர நிகழ்ச்சியில் 14 நிமிடம் விளம்பரம் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு பங்கை விநியோகஸ்தர் எடுத்துக்கொண்டு நாடு முழுவதற்குமான விளம்பரதாரர்களிடம் விற்பார். மிச்ச நிமிடங்கள்தான் நிலையத்துக்கு. நிகழ்ச்சிக்கு மவுசு அதிகம் என்றால் வாரக் கட்டணம் வேறு. ஓப்ரா மாதிரி ஆளுக்கு இரண்டும் உண்டு. நிலையங்கள் முனகிக்கொண்டேதான் கொடுத்தன. மாலை 4 மணிக்கு ஓப்ரா பார்த்தவர்கள் சேனலை மாற்றாமல் 5 மணிச் செய்திக்கும் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் காரணம். ஊர் நிலையத்தின் வருமானத்துக்கு ஆணிவேர் செய்தி. ஓப்ராவுக்குக் கொடுத்த காசில் பெரும்பகுதி உண்மையில் 5 மணிச் செய்திக்கு ஆள் சேர்க்கக் கொடுத்த காசு.

நிகழ்ச்சியை முடிக்கப்போவதை ஓப்ரா 2009 நவம்பர் 20-ஆம் தேதியே நேரலையில் சொல்லிவிட்டார். நிலையங்களுக்கு ஒன்றரை வருட அவகாசம் இருந்தது. எனவே மறுநாள் வந்த இரண்டு முடிவுகளும் அவசரத்தில் எடுத்தவை இல்லை, உட்கார்ந்து கணக்குப் போட்டு எடுத்தவை.

டேட்டனில் பழைய டிக்கெட்

அந்தக் கணக்கைப் பார்க்கும் முன், இதேபோல ஒரு இடம் காலியான இன்னொரு நாளைப் பார்த்துவிடலாம். ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரம், 1967 நவம்பர். உள்ளூர் நிலையத்தில் பாட்டும் கூத்துமாக ஒரு பகல் நிகழ்ச்சி நடந்துவந்தது. அதை நடத்திய ஜானி கில்பர்ட் வேறு வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டார். பின்னாளில் 'ஜெப்பர்டி'யின் அறிவிப்புக் குரலாக நாடே அறிந்தவர் அவர்தான். காலியான இடத்தில் ஃபில் டோனஹியூவை உட்கார வைத்தார்கள். பெரிய நட்சத்திரங்கள் டேட்டனுக்கு வர மாட்டார்கள், அழைத்து வரக் காசும் இல்லை. எனவே ஒரு நாளைக்கு ஒரே விருந்தாளி, ஒரே விஷயம் என்று வைத்துக்கொண்டார். நவம்பர் 6-ஆம் தேதி முதல் விருந்தாளி மேடலின் மர்ரே ஓஹேர். பள்ளிகளில் பைபிள் வாசிப்பதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போன நாத்திகர்.

இதில் ஒரு சிக்கல். பழைய கூத்து நிகழ்ச்சிக்கு முன்கூட்டியே டிக்கெட் வாங்கியவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். பாட்டுக் கேட்க வந்தவர்களைத் திருப்பி அனுப்ப மனம் வராமல் உள்ளே விட்டார்கள். விளம்பர இடைவேளையில் அவர்கள் விருந்தாளியைக் கேட்ட கேள்விகள் தன் கேள்விகளைவிட நன்றாக இருந்ததை டோனஹியூ கவனித்தார். கொஞ்ச நாளில் மைக்கைத் தூக்கிக்கொண்டு இருக்கைகளுக்கு நடுவே ஓட ஆரம்பித்தார்.

அமெரிக்க டாக் ஷோவின் உருவமே அங்கேதான் பிறந்தது. ஒரு நிகழ்ச்சி நின்றுபோய், காசில்லாத ஒரு ஊர் நிலையம் கையில் இருந்ததை வைத்து ஒப்பேற்றியதில். டோனஹியூ 1974-இல் சிகாகோவுக்கு இடம் மாறினார். அவரோடு மோதத்தான் சேனல் 7 தன்னுடைய 'ஏஎம் சிகாகோ' என்ற நோஞ்சான் காலை நிகழ்ச்சிக்கு பால்டிமோரிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவந்தது. நிலைய மேலாளர் டெனிஸ் ஸ்வான்சன் எடுத்த முடிவு அது. 1984 ஜனவரி 2-இல் ஓப்ரா அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சில வாரங்களிலேயே டோனஹியூவை முந்தினார். 1985-இல் நிகழ்ச்சிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 1986 செப்டம்பர் 8-இல் நாடு முழுவதும் போனது.

நியூயார்க்கிலும் இதே கதைதான். ரீஜிஸ் ஃபில்பின் 1983-இல் அங்கே சேனல் 7-இல் தொடங்கிய உள்ளூர்க் காலை நிகழ்ச்சி 1988-இல் நாடெங்கும் போனது. தொகுப்பாளர்கள் மாறி மாறி, 'லைவ்' என்ற பெயரில் பல பத்தாண்டுகளைத் தாண்டிவிட்டது.

ஆக, சிண்டிகேஷன் என்பது ஆகாயத்திலிருந்து இறங்கிய சரக்கு இல்லை. ஊர் நிலையங்களின் காலி மணி நேரம்தான் அதற்கு நாற்றங்கால். இதை மனதில் வைத்துக்கொண்டு 2011-க்குத் திரும்புவோம்.

நியூயார்க் போட்ட கணக்கு

நியூயார்க் நிலையத்துக்கு 4 மணிக்குச் செய்தி போட எத்தனை புது ஆள் வேண்டும்? அதிகம் வேண்டாம். கேமரா இருக்கிறது, ஸ்டூடியோ இருக்கிறது, வானிலை சொல்ல ஆள் இருக்கிறது, ஹெலிகாப்டர்கூட இருக்கிறது. 5 மணிச் செய்திக்காக மதியத்திலிருந்தே ஒரு பட்டாளம் வேலை செய்துகொண்டிருக்கிறது. அவர்களுக்குச் சம்பளம் ஏற்கெனவே போகிறது. அரைத்த மாவை ஒரு மணி நேரம் முன்னதாகவே ஊற்ற ஆரம்பித்தால் ஆயிற்று.

வரவுப் பக்கம் இன்னும் சுகம். ஒரு விளம்பர நிமிடத்தைக்கூட விநியோகஸ்தரோடு பங்கு போட வேண்டியதில்லை. தேர்தல் வருடம் வந்தால் வேட்பாளர்களின் விளம்பரம் செய்தியைச் சுற்றித்தான் குவியும். செய்தி பார்ப்பவர்கள் தவறாமல் ஓட்டுப் போடுபவர்கள் என்பது கட்சிக்காரர்களின் கணக்கு. ஓப்ராவுக்கு வந்த கூட்டத்தில் பாதி வந்தாலும் கையில் நிற்கும் காசு குறையாது என்று நிலையத்தார் நினைத்ததில் தப்பில்லை.

ஏபிசியின் சொந்த நிலையங்களில் வேறு சிலவும் 4 மணிக்குச் செய்தியைத்தான் போட்டன. அந்தக் குழுமத்தில் சேராத பல ஊர்களில் ஓப்ராவின் ரிப்பீட் எபிசோடுகள் செப்டம்பர் வரை ஓடின, அப்புறம் அங்கேயும் பெரும்பாலும் செய்திதான். பிரேக்கிங், போக்குவரத்து நெரிசல், வானிலை, மறுபடி வானிலை. ஒரு மணி நேரத்துக்கான விஷயம் இல்லாத ஊரில்கூட ஒரு மணி நேரச் செய்தி வாசித்தார்கள்.

சிகாகோ போட்ட கணக்கு

சிகாகோவில் காலியானது மாலை 4 மணி அல்ல, காலை 9. விடியற்காலையிலிருந்தே செய்தியும் நெட்வொர்க்கின் காலை நிகழ்ச்சியும் ஓடி முடிந்த நேரம். அதன் பிறகும் செய்தி என்றால் யார் பார்ப்பது? அதுவுமில்லாமல் இது ஓப்ரா பிறந்த வீடு. அந்த நேரத்தில் உள்ளூர் முகம் ஒன்று பேச வேண்டும் என்ற பழக்கம் 'ஏஎம் சிகாகோ' காலத்திலிருந்தே அந்த நிலையத்துக்கு உண்டு. எனவே வாங்காமல், தானே சமைத்தது.

ஸ்டேட் தெருவில் இருக்கும் அந்த நிலையத்தின் ஸ்டூடியோவில் தினமும் ஒரு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள், நேரலை. கேட்பதற்கு எளிதாகத் தெரியும். ஆனால் செய்தியைப் போல இதற்குத் தயாரான பட்டாளம் கிடையாது. தனித் தயாரிப்பாளர்கள், விருந்தாளிகளைப் பிடிக்கத் தனி ஆள், பார்வையாளர்களை உட்காரவைத்துக் கைதட்டச் சொல்லத் தனி ஆள். இத்தனை செலவையும் ஒரே ஊரின் விளம்பரக் காசில் ஈடுகட்ட வேண்டும். ஓப்ராவின் ஒரு எபிசோடுக்கான செலவு நாடு முழுவதும் பிரிந்து போனது. விண்டி சிட்டியின் செலவு சிகாகோவைத் தாண்டிப் போக வழியில்லை.

அப்படியும் பத்து வருடம் ஓடியது. 2021 செப்டம்பரில் தினசரி நிகழ்ச்சி முடிந்தது. அதே இரண்டு தொகுப்பாளர்களோடு வெள்ளிக்கிழமை மட்டும் வரும் 'விண்டி சிட்டி வீக்கெண்ட்' ஆகச் சுருங்கியது. தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். பத்து வருடம் என்பது பகல் நேரத்தில் நீண்ட ஆயுள். ஆனால் 'ஏஎம் சிகாகோ' இரண்டே முக்கால் வருடத்தில் எட்டிய தூரத்தை, அதாவது ஊரைத் தாண்டி நாட்டுக்குப் போகும் தூரத்தை, இது பத்து வருடத்திலும் எட்டவில்லை. தொகுப்பாளர்களின் திறமைக் குறைவு என்று சொல்வதைவிட, அந்தப் பாதையே அடைபட்டுவிட்டது என்று சொல்வதுதான் பொருத்தம்.

அடைத்தது யார்? விநியோகஸ்தர்கள்தான். ஓப்ரா போன இடத்துக்கு ஊர் நிலையங்களில் வளரும் முகத்தைத் தேடாமல், நாடே அறிந்த முகத்தைத் தேடினார்கள். ஆண்டர்சன் கூப்பர் 2011-இல் வந்தார், 2013-இல் போனார். கேட்டி கூரிக் 2012-இல் ஏபிசி நிலையங்களில் பெரிய எதிர்பார்ப்போடு தொடங்கி 2014-இல் முடித்துக்கொண்டார். குவீன் லத்தீஃபா, மெரடித் வியேரா, ஹாரி கானிக் ஜூனியர் ஆளுக்கு இரண்டு சீசன். ஜெஃப் ப்ரோப்ஸ்ட் ஒரே சீசன். வந்த வேகத்தில் போன இவர்களில் யாரும் சாதாரண ஆள் இல்லை. ஆனால் தினமும் ஒரு மணி நேரம், பெரிய விஷயம் எதுவும் இல்லாத செவ்வாய்க்கிழமையிலும் வீட்டில் இருப்பவரைப் பேசி உட்காரவைப்பது தனி வித்தை. டோனஹியூவுக்கு அது டேட்டனில் கைவந்தது, ஓப்ராவுக்கு பால்டிமோரில். இவர்களுக்கு முதல் நாளே நாடு முழுவதும் தேர்வு.

கொஞ்சம் நிதானமாக நடந்ததும் உண்டு. வெண்டி வில்லியம்ஸ் என்பவரின் டாக் ஷோவை 2008 கோடையில் ஃபாக்ஸ் நிலையங்கள் நான்கு நகரங்களில் மட்டும் சில வாரம் ஓட்டிப் பார்த்தன. அடுத்த வருடம்தான் நாடு முழுவதும். அது 2022 வரை நின்றது. நாற்றங்காலில் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்த பயிர் நின்றது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

காசு கொடுத்து வரும் விருந்தாளி

செய்திக்கும் விண்டி சிட்டிக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. சிறிய, நடுத்தர நகரங்களில் இதுதான் அதிகம். பார்க்க விண்டி சிட்டி மாதிரியே இருக்கும். சோபா, காபிக் கோப்பை, சிரிப்பு. வித்தியாசம் என்னவென்றால் எதிரே உட்கார்ந்திருக்கும் பல் மருத்துவரோ மெத்தைக் கடைக்காரரோ அந்த ஐந்து நிமிடத்துக்கு நிலையத்திடம் காசு கட்டியிருப்பார். நம் சேனல்களில் காலையில் நாடி பிடித்து மருந்து சொல்லும் அரை மணி நேரத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். அங்கே நிகழ்ச்சி முழுவதையும் விற்காமல் துண்டு துண்டாக விற்கிறார்கள், அவ்வளவுதான். காசு வாங்கியதைத் திரையில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். சொல்லத்தான் செய்கிறார்கள், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரியும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதை 2021 மே மாதத்தில் எச்பிஓ சேனலின் நையாண்டித் தொகுப்பாளர் ஜான் ஆலிவர் சோதித்துப் பார்த்தார். ஆண்மை, பெண்மைக் கோளாறுகளைப் போக்கும் போர்வை என்று ஒன்றைக் கற்பனையாக உருவாக்கி, ஒரு பொய் நிறுவனத்தின் பெயரில், டென்வர், ஆஸ்டின், சால்ட் லேக் சிட்டி நிலையங்களின் பகல் நிகழ்ச்சிகளில் காசு கட்டி இடம் பிடித்தார். மூன்றிலும் அந்தப் போர்வை சோபாவில் ஏறியது. தொகுப்பாளர்கள் தலையாட்டிக் கேட்டார்கள். மூன்றுக்கும் சேர்த்துப் பத்தாயிரம் டாலர்கூட ஆகவில்லை.

சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் நிலையத்தின் கண்ணால் பார்த்தால், இந்த மாதிரி நிகழ்ச்சிக்குப் பார்வையாளர் கூட்டமே முக்கியமில்லை. நிகழ்ச்சி தொடங்கும் முன்பே காசு வந்துவிடுகிறது. ரேட்டிங் பயமே இல்லாத ஒரு மணி நேரம் எந்த மேலாளருக்குத்தான் கசக்கும்?

2022: ஒரே வருடத்தில் இத்தனை காலியிடம்

ஓப்ரா போனபோது காலியானது ஊருக்கு ஒரு மணி நேரம். 2022-இல் ஒரே வருடத்தில் வரிசையாகக் காலியாயின. எலன் டிஜெனரஸ் தன் டாக் ஷோவை 19 சீசன்களுக்குப் பிறகு மே 26-இல் முடித்தார். வெண்டி வில்லியம்ஸின் நிகழ்ச்சி ஜூனில் முடிந்தது. 1991-இல் தொடங்கிய மோரி போவிச்சும் அந்த வருடமே. அடுத்த வருடம் டாக்டர் ஃபில், ரேச்சல் ரே, கூடவே 'பீப்பிள்ஸ் கோர்ட்', 'ஜட்ஜ் மேத்திஸ்' என்ற நீதிமன்ற நிகழ்ச்சிகள்.

அதே சமயத்தில் நின்றுபோன, டாக்டர் ஆஸ் என்ற மருத்துவர் நடத்திய பகல் நிகழ்ச்சியின் கதை மட்டும் தனி. 2021 நவம்பர் 30-இல் பென்சில்வேனியாவிலிருந்து செனட்டுக்குப் போட்டியிடுவதாக அவர் அறிவித்தார். ஒரு வேட்பாளருக்குத் திரையில் இடம் கொடுத்தால் எதிர் வேட்பாளர் கேட்டாலும் அதே அளவு கொடுக்க வேண்டும் என்பது அமெரிக்க ஒளிபரப்புச் சட்டம். தினமும் ஒரு மணி நேரம் யாருக்குக் கட்டுப்படியாகும்? பிலடெல்பியாவிலும் நியூயார்க்கிலும் ஃபாக்ஸ் நிலையங்கள் உடனே நிறுத்திவிட்டன. சீசனுக்கு நடுவில் காலியான இடத்தில் 2022 ஜனவரி 17 முதல் அவருடைய மகள் டாஃப்னி ஆஸ் உட்பட மூவர் நடத்தும் ஒரு சமையல் நிகழ்ச்சி வந்தது. அந்த வருடத்தையே அது தாண்டவில்லை.

எலனின் இடத்துக்கு என்பிசி நிலையங்கள் புது ஆளைத் தேடவில்லை. 2019 முதல் தங்களிடமே இருந்த கெல்லி கிளார்க்சனை அந்த நேரத்துக்கு நகர்த்தின. கடையில் சரக்கு குறைந்தால் முன்வரிசையில் அடுக்கி நிறைவாகக் காட்டுவது போல. எலனின் ஸ்டூடியோவுக்கு ஜெனிஃபர் ஹட்சன் வந்தார். வெண்டியின் இடத்துக்கு, அவருக்குப் பதிலாக நடத்திப் பழகிய ஷெர்ரி ஷெப்பர்டு. ட்ரூ பேரிமோரின் ஒரு மணி நேர நிகழ்ச்சியை அரை அரை மணியாக வெட்டி, நிலையங்கள் வேண்டிய துண்டை வேண்டிய இடத்தில் செருகிக்கொள்ளும்படி செய்தார்கள். விற்பவர் வாங்குபவருக்கு இப்படி வளைந்து கொடுப்பதை வைத்தே சந்தையின் நிலையைத் தெரிந்துகொள்ளலாம். கிங் வேர்ல்ட் காலத்தில் ஓப்ராவைப் பாதியாக வெட்டித் தரச் சொல்லியிருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பார்கள்.

சாமர்த்தியமான ஏற்பாடு, சில்லறை வழக்குகளுக்குத் தீர்ப்பு சொல்லும் 'ஜட்ஜ் ஜூடி' நிகழ்ச்சியுடையதுதான். 1996-இல் தொடங்கி 25 சீசன். 2021-இல் புது எபிசோடுகள் நின்றன, ஆனால் நிகழ்ச்சி நிற்கவில்லை. பழைய வழக்குகளையே நிலையங்கள் ஓட்டிக்கொண்டிருந்தன. வாடகை பாக்கி, கடித்த நாய், திருப்பித் தராத கைமாற்று. இவை எந்த வருடத்தில் நடந்தால் என்ன? பழைய எபிசோடு என்று கண்டுபிடிக்க உடையையும் தலைமுடியையும்தான் பார்க்க வேண்டும். நிலையத்துக்கு மலிவு, விநியோகஸ்தருக்குத் தயாரிப்புச் செலவே இல்லை. புது நிகழ்ச்சி தொடங்க நினைக்கும் எவருக்கும் இந்த ரிப்பீட்தான் முதல் போட்டி.

நெட்வொர்க்கே இந்த வழிக்கு வந்துவிட்டது. 1965 முதல் என்பிசியில் ஓடிய 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' நெடுந்தொடரை 2022 செப்டம்பர் 12-இல் பீகாக் என்ற ஸ்ட்ரீமிங் செயலிக்கு மாற்றினார்கள். காலியான பகல் நேரத்தில் என்ன போட்டார்கள் என்று இதுவரை படித்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. செய்தி.

சிகாகோவில் ஓப்ராவின் ஹார்ப்போ ஸ்டூடியோ இருந்த கட்டடங்களை இடித்துவிட்டார்கள். வாஷிங்டன் சாலைப் பக்கம் அந்த இடத்தில் 2018 முதல் மெக்டொனால்ட்ஸ் தலைமையகம் நிற்கிறது. 'ஏஎம் சிகாகோ' நடந்த ஸ்டேட் தெருவில் சேனல் 7 அப்படியே இருக்கிறது. தெருவில் போகிறவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று கையசைக்க வசதியாக அதன் செய்தி ஸ்டூடியோவைத் தெருவைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். உள்ளே வந்து உட்கார்ந்து கேள்வி கேட்பவர்களுக்கு டிக்கெட் கொடுத்த தினசரி நிகழ்ச்சிதான் நின்றுபோயிற்று.